கிணற்றுப் பங்கும் கூட்டக் குறிப்பும்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே பழைய தகரப்பெட்டியைத் திறந்தால், அதன் அடியிற் காணி உறுதி ஒன்று கிடக்கும். இத்தனை பரப்பு, வடக்கெல்லை இன்னது, கிழக்கெல்லை இன்னது என்று சொல்லிச் செல்லும் அவ்வுறுதி, கிணற்றில் இன்ன பங்கு, வழி வாய்க்கால் உரிமையும் உண்டு என்று குறிப்பதைப் பலரும் கண்டிருப்பர். முறை வைத்துத் துலா மிதித்து இறைத்த நம் முன்னோர், உடன்பிறந்தாருக்கிடையிலும் நாவை நம்பாது ஏட்டை நம்பினர். அன்பிற் குறையிருந்தமையால் அன்று. பேசித் தீர்த்தது அடுத்த தலைமுறைக்கு நினைவிராது என்பதை அறிந்தமையால்.

ஆனால், அக்கிணறுகளுக்கெல்லாம் தாயான பெருங்கிணறு ஒன்று நம் காலடியில் உள்ளது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில், மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. ஒருவர் நிலத்திற் கொட்டியது அயலார் வாளியில் ஏறும். இப்பொதுச் சொத்துக்கு உறுதி எழுதினார் எவருமிலர்.

அதன் பயனைச் சுன்னாகம் கண்டது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் அங்குள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக ஊரவர் முறையிட்டனர். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறு கிணறாகச் சோதித்து, பலவற்றில் எண்ணெய் மாசு உண்டென்றது. 2015இல் வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ, தீங்கான மாசு காணப்படவில்லை என்ற பொருள்படக் கூறியது. குழந்தைக்குப் பால் கரைக்க நீரள்ளும் தாய் எதனை நம்புவாள்? எந்தக் கிணற்றில், எந்நாளில், எப்பொருளைத் தேடினர் என்ற விவரம் ஊரவர் கைக்கு எட்டாதவிடத்து, முடிவு மாத்திரம் வந்து சேர்ந்தால், அஃது ஐயத்தையே வளர்க்கும். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2019இல், அப்பகுதியில் இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் நிலத்தடி நீரை மாசுபடுத்தியதென்று தீர்ப்பாயிற்று; பாதிப்புற்றோருக்கென 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு கட்டளையும் பிறந்தது. ஆவேசப் பேச்சுகள் காற்றோடு போயின. நாளும் இடமும் அளவும் குறித்துவைத்த ஆய்வேடுகளே நீதிமன்றில் நின்று பேசின.

இரணைமடுவின் கதை இதற்கு அடுத்த பாடம். அக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொணரும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இற் கடனுதவ இசைந்தது. கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தனர். போகந்தோறும் அதிகாரிகளுடன் கூடி, குளத்து நீர்மட்டம் பார்த்து, இவ்வாண்டு சிறுபோகம் இத்தனை ஏக்கர் எனத் தீர்மானிப்பவர் அவர்கள். தமக்கே போதாத நீர் என்று அவர்கள் சொன்னதன் பின்னால் அந்த அனுபவம் இருந்தது. திட்டம் மாறி, தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அதற்கும், உவர்க்கழிவு மீன்வளத்தைக் கெடுக்குமோ என வடமராட்சி கிழக்கு மீனவர் அஞ்சினர். குடிப்பவர், உழுபவர், வலை வீசுபவர் மூவரும் நம்மவரே. எவர் சொன்ன எந்நியாயம் எப்போது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்பது ஒரே ஏட்டிற் கோவையாக இருக்குமாயின், நாளை இதே வழக்கு மறுபடி எழும்போது நம் பிள்ளைகள் முதலிலிருந்து சண்டையிட வேண்டியிராது.

கடல்கடந்தும் இதற்குச் சான்றுண்டு. 2009இற் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் எலினர் ஒஸ்ட்ரொம் அம்மையார், மாணவியாயிருந்த காலத்தில் ஆராய்ந்தது லொஸ் ஏஞ்சலிசைச் சார்ந்த ஒரு நிலத்தடி நீர்ப்படுகையை. அங்கும் அளவின்றி இறைத்ததாற் கடல்நீர் உட்புகுந்தது. நீர் இறைப்போர் சங்கமாகக் கூடி, தத்தம் இறைப்பை அளந்து குறைக்க உடன்பட்ட வரலாற்றை அவர் எழுதினார். அளவு எல்லாருக்கும் வெளியரங்கமாகும்போதுதான், அயலான் ஏய்க்கிறானோ என்ற அச்சம் நீங்கும்.

நம் சங்கங்களுக்கும் கூட்டக் குறிப்பு உண்டு. ஆனால் அதனைப் புரட்டினால், “தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது; தேநீருடன் கூட்டம் முடிவுற்றது” என்றிருக்கும். கடைசி வாங்கில் இருந்து மறுத்துரைத்தவர் அந்த ஏகமனத்துக்குள் மறைந்துபோவார். ஐந்தாண்டு கழித்து அவர் சொன்னதே மெய்யானாலும், அதனைக் காட்ட ஒரு வரியிராது.

ஆகவே, நீரையோ நிலத்தையோ பற்றி ஊர் கூடும்போது ஐந்து செய்திகளை எழுதிவைக்க வேண்டுகின்றோம். வந்தவர் யாவர், வராதவர் யாவர்—முக்கியமாக, நீரள்ளும் பெண்கள் வந்தனரா? முன்வைத்த அளவுகள் எவை, அளந்தவர் யார், எந்நாளில்? ஆராய்ந்து கைவிட்ட வழிகள் எவை, ஏன்? மறுத்தவர் சொன்ன காரணம் யாது? முடிவை மீளப் பார்க்கும் நாள் எது?

மாணவர்களே, இப்பணி உங்களுக்கே உரியது. உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஓர் அப்பியாசக் கொப்பியைத் தொடங்குங்கள். மாதத்திற்கொருமுறை ஊர்க்கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறிட்டு அளந்து குறியுங்கள். அடுத்த பக்கத்திற் கூட்டத்திற் பேசியதைப் பேசியவாறே எழுதுங்கள். பாட்டனார் தம் கிணற்றுப் பங்கை எழுதிவைத்துப் போனார். எல்லாருக்கும் பொதுவான கிணற்றின் பங்கை நாம் எழுதாது போனால், வருங்காலத்தார் பெட்டியைத் திறந்து எதனைத் தேடுவர்?