ஊரை விழுங்கிய சிவப்புக் களி

காசு கொடுத்துப் பயப்படுவதில் 1950-களின் அமெரிக்கப் பிள்ளைகளை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குக் காரணமும் இருந்தது. அப்பாவும் அம்மாவும் சாப்பாடு ஆனதும் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு ஸினிமாக் கொட்டகைக்கு யார் வருவது? வயசுப் பிள்ளைகள்தான் வந்தார்கள். காரைவிட்டு இறங்காமலே படம் பார்க்கிற திறந்தவெளிக் கொட்டகைகள் வேறு ஊருக்கு ஊர் முளைத்திருந்தன. படம் பிடிக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? கொஞ்சம் பணம், கொஞ்ச நாள், ஒரு பூதம், நாலு பிள்ளைகள் என்று சரசரவென்று படங்களை எடுத்துத் தள்ளினார்கள். 1957-ல் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் ஓநாயாக மாறினான். பெட்டி நிறைந்தது. அப்புறம் கேட்பானேன்!

இந்த ரகத்தில் பெரும்பாலானவை ஒரு முறைக்கு மேல் தாங்காது. ஒன்று மட்டும் விதிவிலக்கு. 1958-ல் வந்த 'தி பிளாப்'. பிளாப் என்றால் உருவமில்லாத கட்டி. கை இல்லை, கால் இல்லை, பல் இல்லை. சிவப்பாய், கொழகொழவென்று, களி மாதிரி உருண்டு வரும். தொட்டவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு அந்த அளவுக்குப் பெருக்கும். அவ்வளவுதான் பூதம்.

கதையும் சின்னதுதான். ஸ்டீவ் என்ற பையனும் ஜேன் என்ற பெண்ணும் ஓரிரவு வானத்திலிருந்து ஏதோ விழுவதைப் பார்க்கிறார்கள். அதைக் குச்சியால் குத்திப் பார்த்த கிழவர் ஒருவரின் கையில் களி ஒட்டிக்கொள்கிறது. அவரைக் காரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டு போகிறார்கள். கிழவர் போனார். நர்ஸ் அம்மாள் போனாள். டாக்டரும் போனதை ஸ்டீவ் தன் கண்ணாலேயே பார்க்கிறான். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறான்.

இங்கேதான் படம் தொடங்குகிறது என்பேன் நான்.

ஏனென்றால் யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? அன்று மாலைதான் நடுத்தெருவில் காரைப் பின்பக்கமாகவே ஓட்டிப் பந்தயம் விட்டு, அதே போலீஸிடம் மாட்டிக்கொண்டு, கெஞ்சித் தப்பித்தவன் இவன். டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். உடல் இல்லை, களிதான் ஒன்று விடாமல் தின்றுவிட்டதே! ஸார்ஜெண்டுக்கு இது பிள்ளைகளின் விஷமம் என்பதில் சந்தேகமே இல்லை. லெப்டினண்ட் மட்டும் பாதி நம்புகிறார். பாதி நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெற்றோருக்குச் சொல்லியனுப்புகிறார். அவர்கள் வந்து, 'வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம்' என்கிற முகத்தோடு அழைத்துப் போகிறார்கள்.

பூதப் படங்களில் பயமுறுத்துவது பூதத்தின் வேலை. இதில் அந்த வேலையைப் பெரியவர்கள் செய்கிறார்கள். களி ஊருக்குள் நகர்வது நமக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்கிறவனுக்குச் சாட்சி இல்லை. நேற்றுவரை நடந்துகொண்ட லட்சணம் அவனுக்கு எதிரான சாட்சி! பதினேழு வயதில் இந்த அவஸ்தை ஒரு தடவையாவது படாதவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்.

அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகளும் பிரசங்கிகளும் 'பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்' என்று ஓயாமல் புலம்பிக்கொண்டிருந்ததை நினைத்துக்கொண்டு படத்தைப் பார்க்கவேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் படத்தை எடுத்த பென்ஸில்வேனியா ஸ்டூடியோவே அதற்கு முன்பு மதப் படங்கள் எடுத்து வந்த இடம். டைரக்டர் இர்வின் யேவொர்த்துக்கு அதுதான் தொழில். பிலடெல்ஃபியாவில் பட விநியோகம் செய்துவந்த ஜாக் ஹாரிஸ் பூத யோசனையோடு வந்து சேர்ந்தார். பக்தி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கூட்டு வியாபாரம் அமோகம்.

செலவு ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் இது காபிச் செலவு. ஆனாலும் வண்ணப் படம். களி எதனால் ஆனது என்கிறீர்கள்? ஸிலிகோன் என்ற பசையில் சிவப்புக் காய்கறிச் சாயத்தைக் கலந்தார்கள். சின்னஞ்சிறு பொம்மை வீடுகளைச் செய்து, பலகையைச் சாய்த்தால் களி தானே நகரும். ஒரு சாப்பாட்டு விடுதியையே அது மூடிக்கொள்ளும் காட்சிக்கு, விடுதியின் போட்டோமேல் களியைக் கொட்டி, அது வழிந்து விலகுவதைப் படம் பிடித்துப் பிலிமைப் பின்பக்கமாக ஓட்டினார்களாம். கதாநாயகனின் கார் மாதிரியே!

கதாநாயகன் என்றதும் நினைவு வருகிறது. பள்ளிக்கூடத்துப் பையனாக நடித்தவருக்குப் படப்பிடிப்பின்போது 27 வயது. பெயர் ஸ்டீவ் மக்வீன். பிற்காலத்தில் 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் மோட்டார் ஸைக்கிளில் பறந்து உலகத்தையே மயக்கினாரே, அவரேதான். 'லாபத்தில் பத்து சதவிகிதம் தருகிறோம்' என்றார்களாம். 'அதெல்லாம் வேண்டாம், ரொக்கமாக எடுங்கள்' என்று சுமார் மூவாயிரம் டாலரை வாங்கிக்கொண்டார். படம் பல லட்சம் டாலர் வசூலித்தது. ஆனால் வாடகை பாக்கியை நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு நடிகனை நாம் குறை சொல்வானேன்?

கதைக்கு வருவோம். பிள்ளைகள் கடைசியில் கார் ஹாரன்களை அலறவிட்டும் அபாயச் சங்கை ஊதவிட்டும் ஊரை எழுப்புகிறார்கள். அப்போதும் பெரியவர்கள் திட்டுகிறார்களே தவிர நம்பவில்லை. நள்ளிரவுக் காட்சி நடக்கும் தியேட்டருக்குள் களி புகுந்து, ஜனங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் ஓடிவந்த பிறகுதான் நம்பிக்கை பிறக்கிறது. ஸ்டீவும் ஜேனும், பொம்மைத் துப்பாக்கியால் களியைச் சுட வந்த அவளுடைய குட்டித் தம்பியும் விடுதிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். தீயணைக்கும் குழாயின் குளிர் பட்டதும் களி பின்வாங்குவதை ஸ்டீவ் கவனித்து, வெளியிலிருக்கும் லெப்டினண்டுக்குக் குரல் கொடுக்கிறான்.

தீயணைப்புக் கருவிகள் நிறைய இருப்பது பள்ளிக்கூடத்தில். பூட்டியிருக்கிறது. தலைமை ஆசிரியர் வேறு யாருமில்லை, ஜேனின் அப்பா. சாவி கையில் இல்லை. இத்தனை நேரம் பிள்ளைகளைக் கண்டித்த அந்த மனிதர் குனிந்து ஒரு கல்லை எடுத்து, தன் பள்ளிக்கூடத்துக் கண்ணாடிக் கதவைத் தானே உடைக்கிறார். சுற்றி நிற்பவர்கள் அவருடைய மாணவர்கள்! படத்தில் எனக்குப் பிடித்த இடம் களி வருகிற இடம் எதுவும் இல்லை, இதுதான்.

உறைந்த களியை விமானத்தில் ஏற்றி வடதுருவப் பனியில் போடுகிறார்கள். அங்கே குளிர் இருக்கும்வரை ஆபத்தில்லையாம். 'முற்றும்' என்ற எழுத்து திரையில் வந்து, மெல்லக் கேள்விக் குறியாக மாறுகிறது. 1958-ல் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். பனி உருகுகிற செய்தியைப் படிக்கும் நமக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

அந்தத் தியேட்டர் நிஜத் தியேட்டர். பீனிக்ஸ்வில் என்ற ஊரில் 1903-ல் திறந்தது, பெயர் கலோனியல். 2000-லிருந்து அங்கே வருஷா வருஷம் கோடையில் இந்தப் படத்துக்கு ஒரு திருவிழா நடத்திவருகிறார்கள். உள்ளே இருக்கிற கூட்டம் 'ஐயோ' என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்து தெருவுக்கு ஓடிவரும். அதுதான் விழாவின் முக்கிய கட்டம். களி வருகிறது என்று குழந்தைகள் சொன்னால், அன்று ஒரு நாள் ஊரே நம்பி ஓடுகிறது.