வேர்ப்புழுவும் தனித்துவிடப்பட்ட விவசாயியும்

இமாச்சலப் பிரதேசம், உத்தரகண்ட் மலைச்சரிவுகளில் உருளைக்கிழங்கு பயிரிடும் சிறு விவசாயிக்குத் தன் இழப்பு பெரும்பாலும் அறுவடையின்போதுதான் தெரியவருகிறது. செடி மேலே பசுமையாக நின்றிருக்கும். மண்ணைக் கிளறினால் கிழங்கெங்கும் ஆழமான குழிகள். வெள்ளை வேர்ப்புழுவின் வேலை அது. குழி விழுந்த கிழங்கு எடையில் பெரிதாகக் குறைவதில்லை. ஆயினும் மண்டியில் வியாபாரி அதைக் கழித்து ஒதுக்கிவிடுகிறார்.

இப்புழுவுக்கு எதிராக நெடுங்காலம் மண்ணில் இடப்பட்டது ஃபோரேட் குருணை. உலக சுகாதார அமைப்பு மிகக் கொடிய நஞ்சுகளின் வரிசையில் வைத்துள்ள பொருள் அது. (இந்தி பேசும் விவசாயிகளும் நம்மைப் போலவே பூச்சிக்கொல்லியை ‘மருந்து’ என்றுதான் அழைக்கிறார்கள், விற்பவனுக்கு இதைவிட வசதியான சொல் இல்லை.) 2018 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பிறப்பித்த ஆணையின்படி, 2020 டிசம்பர் 31 முதல் அதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. தடை சரியானதே; காலந்தாழ்ந்ததும்கூட. ஆனால் ஆணையை அரசிதழில் அச்சிட்டதோடு அரசின் கடமை முடிந்துவிடுகிறதா?

மாற்று வழி இல்லாமலில்லை. முதல் மழை பெய்ததும் தாய் வண்டுகள் மண்ணைவிட்டு வெளியேறி, அந்தி கவிந்தபின் அருகிலுள்ள மரங்களில் இலை தின்னக் கூடுகின்றன. அவ்வேளையில் கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரிலிட்டு அழிக்கலாம். அல்மோராவிலுள்ள விவேகானந்தர் மலை வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கெனவே விளக்குப் பொறி ஒன்றை வடிவமைத்துள்ளது. ஆழ உழுதால் புழுக்கள் பறவைகளுக்கு இரையாகும். மக்காத சாணத்தைத் தவிர்ப்பதும், மெட்டாரைசியம் பூஞ்சையை மண்ணில் சேர்ப்பதும் பயன்தரும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வண்டு வரப்பை அறியாது. ஒருவர் தம் மரத்தை உலுக்கி, பக்கத்து நிலத்தார் வாளாவிருந்தால் இருவர் வயலிலும் முட்டை விழும். ஊர் முழுவதும் அதே நாட்களில் இறங்கினாலன்றிப் பயனில்லை. ஊரைக் கூட்ட வேண்டிய வேளாண் விரிவாக்கப் பணியோ ஆண்டுக்காண்டு மெலிந்துவருகிறது. அந்த இடத்தில் பூச்சிமருந்துக் கடைக்காரர் அமர்ந்துவிட்டார். தடைசெய்யப்பட்ட நஞ்சுக்குப் பதிலாக அவர் எடுத்துக் கொடுப்பது இன்னொரு நஞ்சு. 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, சில விலக்குகளோடு, ஒழிப்புப் பட்டியலில் சேர்த்த குளோர்பைரிபாஸ் அவற்றுள் ஒன்று.

ஆகவே விவசாயிகள் சங்கங்கள் எழுப்பவேண்டிய கோரிக்கை தெளிவானது: பருவமழைக்கு முன்பே ஊர்தோறும் விளக்குப் பொறிகள் அரசுச் செலவில் வந்துசேர வேண்டும், வண்டு பிடிக்கும் இரவுகளுக்குக் கூலி வழங்கப்பட வேண்டும், விரிவாக்க ஊழியர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.