டேட்டா என்ட்ரி வேலைக்குப் பணம் கட்டாதீங்க

வாட்ஸ்அப் குரூப்பில் வாரம் ஒருமுறையாவது வந்துவிடும். "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 25,000, பதிவுக் கட்டணம் 1,500 மட்டும்." எங்கள் பி.காம். வகுப்பிலேயே ரெண்டு பேர் கட்டிவிட்டு முழிக்கிறார்கள். பணம் கட்டியதும் மங்கலான ஸ்கேன் பக்கங்கள் வரும். கண் வலிக்க ஒரு வாரம் அடித்துக் கொடுத்தால், "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வரும். சம்பளம் கொடுக்கிறவன் நம்மிடம் எதற்குக் காசு கேட்கிறான்? பற்று வரவு படிக்கிற நமக்கே இது உறைக்கலைன்னா எப்படி?

அதுக்காக "டேட்டா என்ட்ரின்னாலே ஃப்ராடு" என்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. நிஜ வேலை இருக்கிறது. அங்கே கேட்பது பணம் இல்லை, விரல் வேகம்.

மத்திய அரசின் ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் சி.எச்.எஸ்.எல். தேர்வில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் என்றே பதவி உண்டு. பிளஸ் டூ போதும். அடிப்படைச் சம்பளம் 25,500-இல் தொடங்குகிறது. எழுத்துத் தேர்வோடு, கம்ப்யூட்டரில் மணிக்கு 8,000 தட்டல் அடித்துக் காட்டணும் (சில அலுவலகங்களுக்கு 15,000). மலைக்காதீங்க, கணக்குப் போடுங்க. ஒரு வார்த்தைக்கு ஐந்து தட்டல் என்றால் நிமிடத்துக்கு 27 வார்த்தைதான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் லோயருக்கே 30 வேணும்!

மாநில அரசில் குரூப் 4 டைப்பிஸ்ட். பத்தாம் வகுப்பு, கூடவே தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு. ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர் இருந்தாலும் போதும். அடிப்படைச் சம்பளம் 19,500, அகவிலைப்படி தனி. கலெக்டர் ஆபீஸ் அறிவிப்புகளில் வரும் ஒப்பந்த வேலையும் இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உதவியாளருடன் கூடிய டேட்டா என்ட்ரி ஆபரேட்டருக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தொகுப்பூதியம் 13,240. போகலாம், தப்பில்லை. ஆனால் நிரந்தரம் ஆக்குவார்கள் என்று அங்கேயே காத்துக் கிடக்காமல், அந்தச் சம்பளத்தில் குரூப் 4-க்குப் படிக்கணும் என்பது என் கட்சி.

தமிழ் டைப்பிங்கைத்தான் நம்ம பசங்க கண்டுகொள்வதே இல்லை. போனில் "அம்மா" என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தே பழகிவிட்டோம். பத்திரம் எழுதுகிற கடைக்கும் இ-சேவை மையத்துக்கும் அது உதவாது. 1999-லேயே அரசு தமிழ்99 விசைப்பலகையைக் கொண்டுவந்தது. லோயர், ஹையருக்குப் பழைய டைப்ரைட்டர் முறை. எதுவானாலும் பார்க்காமல் அடிக்கத் தெரியணும்.

"இனி எல்லாம் மெஷினே படிச்சிடும்" என்கிறார்கள். படிக்கட்டும். பட்டாவில் ஒரு இனிஷியல் மாறிப்போனால் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறது நம்ம தாத்தாதான். அதைச் சரிபார்க்க ஓர் ஆள் வேணுமே.

தட்டச்சுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரி, ஆகஸ்ட். செமஸ்டர் முடிந்த கையோடு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தால் அடுத்த தேர்வுக்கே லோயர் எழுதிவிடலாம். காலை ஆறு மணி பேட்ச் என்றால் காலேஜ் பஸ்ஸும் தவறாது :-)