ஸ்கைலர் என்ன பிழை செய்தாள்?

'பிரேக்கிங் பேட்' தொடரின் கடைசி எபிசோட் 2013 செப்டெம்பர் 29ஆம் திகதி அமெரிக்காவில் ஒளிபரப்பானது. பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனால் இண்டைக்கும் எங்கள் வட்டத்தில் யாராவது புதிதாகப் பார்த்து முடித்தால் முதலில் வருகிற கதை இரண்டுதான். ஒன்று, "வோல்டர் மாதிரி ஒரு ஆள் இல்லை மச்சான்." மற்றது, "அந்த மனிசியைத்தான் பார்க்கவே ஏலாமல் கிடந்தது." அந்த மனிசி ஸ்கைலர் வைட். வோல்டரின் மனைவி.

இந்த இரண்டாவது வசனத்தைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போவதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்கோ.

கதை தெரிந்ததுதான். நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகேர்கி நகரம். 50 வயதாகும் இரசாயனவியல் வாத்தியார் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவருகிறது. வீட்டில் மாற்றுத்திறனாளியான மகன், கர்ப்பிணி மனைவி, கையில் காசு இல்லை. தான் செத்த பிறகு குடும்பம் வாழவேண்டும் என்று சொல்லி மெத்தம்ஃபெற்றமின் காய்ச்சத் தொடங்குகிறார். ஒரு சாதுவான வாத்தியாரை மெல்ல மெல்லப் பெரிய குற்றவாளியாக மாற்றிக் காட்டுவதுதான் தன் நோக்கம் என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கிலிகன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதாவது எங்களுக்குப் பிடித்த மனிதரை எங்களுக்குப் பிடிக்காமல் போகச் செய்வதுதான் திட்டம். 62 எபிசோட்டும் அதற்காகத்தான். ஆனால் பெருந்தொகையான ரசிகர்களிடம் அந்தத் திட்டம் பலிக்கவில்லை. வோல்டர் எவ்வளவு கீழே போனாரோ, அவ்வளவுக்கு அவர்களின் வெறுப்பு ஸ்கைலர் மேல் ஏறியது.

கடைசி சீசன் இரண்டு துண்டாக வந்தது. முதல் எட்டு எபிசோட் 2012இல், மீதி எட்டும் 2013இல். முதல் பாதியின் கடைசிக் காட்சியில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான மச்சான் ஹாங்க் கழிப்பறையில் இருந்து ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது வோல்டர்தான் தான் தேடுகிற ஆள் என்று பிடித்துவிடுகிறார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கிட்டத்தட்ட ஒரு வருடம் காக்க வைத்தார்கள். அந்த ஒரு வருடத்தில் பழைய சீசன்களை நெட்பிளிக்ஸில் பார்த்து முடித்துப் புதிதாகப் பெருங்கூட்டம் சேர்ந்தது. நான்காவது சீசனின் கடைசி எபிசோட்டைப் பார்த்தவர்கள் சுமார் 19 லட்சம் பேர். தொடரின் கடைசி எபிசோட்டைப் பார்த்தவர்கள் ஒரு கோடிக்கு மேல்.

அந்தக் கூட்டம் பெருகிய 2013 ஓகஸ்ட் மாதத்தில்தான் ஸ்கைலராக நடித்த அனா கன் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்கைலரை வெறுப்பதற்கென்றே பேஸ்புக் பக்கங்கள் இருந்தன, அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் லைக் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை, ஒரு பாத்திரத்தின் மேல் உள்ள கோபம் என்று விட்டுவிடலாம். ஆனால் அது பாத்திரத்தோடு நிற்கவில்லை. நடிகையையே வெறுக்கத் தொடங்கினார்கள். அனா கன்னை எங்கே பிடிக்கலாம், கொல்ல வேண்டும் என்று கேட்டு ஒருவர் எழுதிய பதிவு வரைக்கும் போனது. கட்டுரை வந்து சில வாரங்களில் அதே பாத்திரத்துக்காக அவருக்கு எமி விருது கிடைத்தது. அடுத்த வருடமும் கிடைத்தது. அதாவது வேலையைத் திறமாகச் செய்த ஒரு பெண்ணுக்கு, அந்த வேலைக்காகவே கொலை மிரட்டல்.

சரி, ஸ்கைலர் அப்படி என்னதான் செய்தாள்?

புருசன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்தாள். எங்கே போனாய் என்று கேட்டாள். உண்மை தெரிந்ததும் வீட்டை விட்டுப் போ என்றாள். போகாமல் வந்து உட்கார்ந்தவனுக்குக் காயம் படவேண்டும் என்று இன்னொருவனோடு போனாள், அதை அவனுக்கே சொன்னாள். பிறகு வேறு வழியில்லாமல் அந்தக் காசைக் கார் கழுவும் கடை ஒன்றின் கணக்கில் வெள்ளையாக்க உதவினாள். கடைசி சீசனில், ஜெசியைக் கொன்றால்தான் பிரச்சினை தீரும் என்று தானே சொல்லும் அளவுக்குப் போனாள். அவள் புனிதவதி இல்லை. அவளைப் புனிதவதியாக எழுதவும் இல்லை.

இப்போது மற்றப் பக்கத்தைப் பாருங்கோ. வோல்டர் ஜேன் என்ற பெண்ணை மூச்சுத் திணறிச் சாகவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு சிறுவனுக்கு விஷம் கொடுக்க வைத்தார், ஜெசியைத் தன் பக்கம் இழுப்பதற்காக. சிறையில் இருந்த பத்துப் பேரை இரண்டு நிமிடத்துக்குள் கொல்ல ஏற்பாடு செய்தார். இவ்வளவுக்கும் பிறகு "அவன் பாவம், குடும்பத்துக்காகச் செய்தவன்." அவளுக்கோ ஒரு கள்ள உறவுக்கு ஆயுள் தண்டனை.

இதைச் சொன்னால் வழக்கமாக ஒரு பதில் வரும். "அது பெண் வெறுப்பு இல்லை, அந்தப் பாத்திரத்தை எரிச்சலாக எழுதிவிட்டார்கள். கதையை இழுத்துப் பிடிக்கிறாள்." இந்தப் பதிலைச் சும்மா தள்ளிவிட நாங்கள் விரும்பவில்லை, அதில் பாதி உண்மை இருக்கிறது. பரபரப்பான குற்றத் தொடர் இயங்குகிற விதமே அப்படி. கமரா யாரோடு போகிறதோ அவருடைய திட்டம் வெல்ல வேண்டும் என்று எங்கள் நெஞ்சு அடிக்கத் தொடங்கும். ரயிலில் இருந்து இரசாயனம் திருடுகிற அந்த எபிசோட்டில் எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டு "கெதியா, கெதியா" என்றுதான் இருப்போம். திருட்டு நல்லதா கெட்டதா என்று அந்த நேரம் யாரும் யோசிப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு ஆட்டத்தில் குறுக்கே வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் எரிச்சல்தான் வரும்.

ஆனால் மிச்சப் பாதி இடிக்கிறது. குறுக்கே நின்றது ஸ்கைலர் மட்டும் இல்லையே. ஹாங்க் தொடர் முழுக்கத் துரத்துகிறார். இனவெறிப் பகிடி விடுகிறார், ஜெசியை ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அடிக்கிறார். அவரை யாரும் இப்படி வெறுக்கவில்லை, அவர் செத்தபோது அழுதார்கள். கஸ் ஃப்ரிங் வோல்டரின் குழந்தையையே கொல்லுவேன் என்று மிரட்டினார். அவருடைய படம் போட்ட ரீசேர்ட் விற்கிறது. குறுக்கே நிற்கிற ஆணை 'எதிரி' என்கிறோம், எதிரிக்கு ஒரு மரியாதை இருக்கிறது. குறுக்கே நிற்கிற பெண்சாதிக்கு 'நச்சரிப்பு' என்று பெயர். எழுத்தில் பிழை என்றால் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்லவா விழுந்திருக்க வேண்டும்?

அதோடு, அந்த ரயில் எபிசோட் எப்படி முடிகிறது என்று யோசித்துப் பாருங்கோ. திருட்டு வென்றுவிட்டது, எல்லோரும் துள்ளுகிறார்கள், நாமும் துள்ளுகிறோம். திரும்பினால் மோட்டார் சைக்கிளோடு ஒரு சின்னப் பெடியன் நிற்கிறான். கையை அசைக்கிறான். சுட்டு விழுத்துகிறார்கள். நீங்கள் கைதட்டியது எதற்கு என்று தொடரே கேட்கிற இடம் அது. பார்க்கும்போது நெஞ்சு அடிப்பதில் ஒரு குற்றமும் இல்லை, அதற்குத்தான் இந்த மாதிரித் தொடர்களைப் பார்க்கிறோம். ஆனால் திரையை மூடிய பிறகு ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் பல ரசிகர்கள் பார்க்க மறுத்தார்கள்.

கடைசி சீசன் அந்த ரசிகர்களுக்கு நேராகவே பதில் சொன்னது என்று எங்களுக்குப் படுகிறது. மூன்று இடங்கள்.

முதலாவது, வோல்டரின் 51ஆவது பிறந்தநாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஸ்கைலர் உடுத்த உடுப்போடு நீச்சல் குளத்துக்குள் இறங்குகிறாள். பிள்ளைகளை அந்த வீட்டில் இருந்து வெளியே அனுப்ப அவளுக்குக் கிடைத்த ஒரே வழி, தனக்கு மனநிலை சரியில்லை என்று காட்டுவது. பிறகு படுக்கையறையில் அவள் சொல்கிற ஒவ்வொரு திட்டத்தையும் வோல்டர் உடைக்கிறார். பொலிசுக்குப் போனால் பிள்ளைகளின் கதி என்ன, ஓடினால் எங்கே ஓடுவாய். கடைசியில் அவள் சொல்கிறாள், தனக்கு மிச்சம் இருப்பது காத்திருப்பதுதான். எதற்கு என்று கேட்கிறார். உனக்குப் புற்றுநோய் திரும்பி வருவதற்கு என்கிறாள். அந்த அறையைப் பார்த்த பிறகும் "மனிசி சரியான தொல்லை" என்று சொல்ல முடிகிறதென்றால், பிரச்சினை எழுத்தில் இல்லை.

இரண்டாவது, 2013 செப்டெம்பர் 15இல் வந்த 'ஒசிமாண்டியஸ்' எபிசோட். மொய்ரா வாலி-பெக்கெட் என்ற பெண் எழுதியது. பொலிஸ் ஒட்டுக்கேட்கிறது என்று தெரிந்துகொண்டே வோல்டர் தொலைபேசி எடுத்து ஸ்கைலரைக் கேவலமாகத் திட்டுகிறார். நீ எப்போதும் முறைப்பாடு, என் சொல் கேட்டதில்லை, நான் செய்ததற்கு நன்றி இல்லை. எல்லாம் தன் தலையில் விழட்டும், அவள் தப்பட்டும் என்பதற்கான நாடகம் அது. ஆனால் அந்தத் திட்டு எல்லாம் வெறுப்புப் பக்கங்களில் ரசிகர்கள் எழுதிய அதே திட்டு. ஒரு கொடுமைக்காரனின் வாயில் அதை வைத்து அவர்களுக்கே திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். அதற்கும் கைதட்டியவர்கள் இருந்தார்கள்!

மூன்றாவது, கடைசி எபிசோட். ஸ்கைலரின் சின்னச் சமையலறையில் வந்து நிற்கிறார் வோல்டர். குடும்பத்துக்காகச் செய்தேன் என்ற பல்லவியை இன்னொருமுறை கேட்க வேண்டுமா என்று அவள் அலுத்துப்போய்க் கேட்கத் தொடங்க, அவர் மறித்துச் சொல்கிறார். எனக்காகத்தான் செய்தேன், எனக்கு அது பிடித்திருந்தது, அதில் நான் கெட்டிக்காரனாக இருந்தேன். ஐந்து சீசனாக அவள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே உண்மை அதுதான். உண்மையில் முதல் சீசனிலேயே இது வெளிச்சம். பழைய நண்பர்களான எலியட்டும் கிரெச்சனும் வைத்தியச் செலவைத் தாங்கள் பொறுப்பெடுக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றது குடும்பப் பாசம் இல்லை, கர்வம். வோல்டரே கைவிட்டுவிட்ட பொய்யை ரசிகர்கள் இன்னும் தூக்கிச் சுமக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

அந்த முடிவும் குறையில்லாதது என்று நாங்கள் சொல்லவில்லை. எதிரிகளை ஒரேயடியாகச் சுட்டு, ஜெசியை விடுவித்து, மகனுக்குக் காசு போக வழி செய்து, தன் ஆய்வுகூடத்தைத் தடவிக்கொண்டே சாக விட்டது வோல்டருக்குக் கூடுதலான சலுகை என்று அப்போதே சில விமர்சகர்கள் எழுதினார்கள். எங்களுக்கும் அதில் உடன்பாடு. கேள்வி கேட்டவளுக்கு எஞ்சியது ஒரு சின்ன வாடகை வீடும் வழக்கும். 2022இல் அல்புகேர்கியில் வோல்டருக்கும் ஜெசிக்கும் வெண்கலச் சிலை வைத்தார்கள். ஸ்கைலருக்குச் சிலை இல்லை.

பிறகு வந்த 'பெட்டர் கோல் சோல்' தொடரில் கிம் வெக்ஸ்லரை ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அவளுக்கு என்ன ஆகுமோ என்று கடைசி சீசன் வரை பதறினார்கள். காலம் மாறிவிட்டது என்று சந்தோசப்படலாம். இல்லை, கிம் கன காலம் ஜிம்மியின் ஆட்டத்தில் சேர்ந்து ஆடினாள், அதனால்தான் பிடித்தது என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை இருக்கும். ஆனால் கிம் நிறுத்து என்று சொல்லி விலகிப் போனபோது பெரும்பாலான ரசிகர்கள் அவளைத் திட்டவில்லை என்பதை நாங்கள் ஒரு நல்ல குறியாகவே எடுக்கிறோம்.

இது எங்கோ அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு முதல் நடந்த சண்டை, எங்களுக்கு ஏன் என்று கேட்கலாம். வோல்டர் காய்ச்சுகிற அந்தப் பொருளுக்கு எங்கள் ஊரில் 'ஐஸ்' என்று பெயர். பத்திரிகையைத் திறந்தால் எங்கேயாவது ஐஸுடன் யாராவது கைது. அந்தச் செய்திகளுக்குக் கீழே யாரும் "கெட்டிக்காரன்" என்று எழுதுவதில்லை. தொப்பியும் நீல நிறமும் நல்ல வசனமும் இருந்தால் மட்டும் அது கெட்டித்தனம் ஆகிவிடுகிறது. "குடும்பத்துக்காகத்தான் செய்தனான்" என்ற வசனமும் எங்களுக்குப் புதிதில்லை. அதைச் சொல்லிவிட்டால் வீட்டில் வேறு கேள்வி இருக்கக்கூடாது. கேட்கிற பெண்ணுக்கு வாய்க்காரி என்று பட்டம். ஸ்கைலரைத் திட்டுவதற்கு எங்கள் பெடியளுக்கு ஆங்கிலப் பக்கங்கள் தேவைப்படவில்லை, சொற்கள் கைவசம் இருந்தன.

இன்னும் ஐந்து வருடத்தில் வேறொரு தொடர், வேறொரு கெட்டிக்காரக் குற்றவாளி, வேறொரு கடைசி சீசன் வரும். நாங்களும் இரவு முழித்துப் பார்ப்போம், திட்டம் வெல்லவேண்டும் என்று துடிப்போம். துடிக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் ஒருத்தி "எங்கே போனாய்" என்று கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொன்னானா என்று மட்டும் ஒருக்கா பாருங்கோ. பதில் வராதவரை அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். கேட்கத்தான் வேணும்.