கல்லும் கல்லூரியும்

கோயில் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது எது? வானளாவிய கோபுரம், தேர், திருவிழாக் கூட்டம், சுண்டல். கோயிலின் அடிச்சுவர் யார் நினைவுக்கும் வருவதில்லை. அந்த அடிச்சுவரைப் பற்றியே நான் இங்குச் சில சொல்ல விரும்புகிறேன். வேதியியல் படிப்பவருக்கு இந்த வேலை எதற்கு என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

எனது ஊர் மடுகரை. என் தந்தையார் சுவருக்கு வெள்ளையடிக்கும் கூலித் தொழிலாளி. கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரக் காத்திருந்த கோடையில், அக்கம்பக்கத்து ஊர் ஒன்றில் பழைய கோயிலுக்குக் குடமுழுக்கு வந்தது. அப்பாவுக்கு இருபது நாள் வேலை. நானும் வாளி தூக்கப் போனேன். கருவறையின் வெளிச்சுவர், அதன் கீழுள்ள குமுதம், ஜகதி ஆகிய அத்தனைக்கும் மஞ்சளும் காவியுமாக எனாமல் பெயிண்ட் அடித்தோம். அந்தக் கூலியில்தான் என் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது.

முதலாண்டில் நண்பர்களோடு பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போனேன். அங்கே அடிச்சுவர்க் கல்லில் வரிவரியாக எழுத்துகளைக் கண்டதும் என் நெஞ்சு பகீரென்றது. இதே போன்ற வரிகளின் மேல்தானே நாங்கள் தூரிகையை ஓட்டினோம்! வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "அதுவா? கல்லு கொத்துன தழும்புன்னு இல்ல நெனச்சேன். எழுத்துன்னு தெரிஞ்சிருந்தா கை வைப்பனா?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் படித்த எனக்கும் அது தழும்பாகத்தானே தெரிந்தது!

அந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன? நண்பர்களே, நம் பகுதியைப் பொறுத்தவரை அவை சொல்வது கல்லூரிகளைப் பற்றி! ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்திற்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. பாகூர்ச் செப்பேடு இதைச் சொல்கிறது. திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலின் கல்வெட்டு இன்னும் விரிவானது. முதலாம் இராசாதிராச சோழன் காலத்தில், 1048-ஆம் ஆண்டில், அவ்வூரில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி ஒன்று நடந்தது. படிப்பும் போதனையும் கெடாதிருக்க, அவர்களை ஊர் வாரியப் பணிகளிலிருந்தும் விலக்கி வைத்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மாணவர் எண்ணிக்கையைக் கல்லில் எழுதி வைத்த நாடு இது!

உடனே மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே கற்பிக்கப்பட்டவை பெரும்பாலும் வேதங்களும் வடமொழி நூல்களும்தாம். அந்த 260 பேரில் என் முன்னோர் ஒருவராவது இருந்திருப்பாரா? இருந்திருக்க மாட்டார் என்பதே என் எண்ணம். அந்தக் கல்லூரிக்கு நெல் விளைத்தவர்களில் அவர் இருந்திருக்கலாம். கல்லைச் சுமந்தவர்களில் இருந்திருக்கலாம். "அப்படியானால் நமக்கென்ன இந்தக் கல்லோடு உறவு?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை, நிலம் யாரிடம் இருந்தது, வரி யார் கட்டினார்கள் என்பதற்கெல்லாம் நம்மிடம் உள்ள சான்று அந்தக் கல்தானே? பெருமை பேசுகிறவருக்கும் கல் வேண்டும்; கணக்குக் கேட்கிறவருக்கும் கல் வேண்டும். சான்றை அழித்துவிட்டு வழக்காட முடியுமா?

அழிந்தால் திரும்பி வராது என்பதற்கு நாகப்பட்டினமே சாட்சி. ஸ்ரீவிசய நாட்டு மன்னன் எழுப்பிய பௌத்த விகாரத்திற்கு, சிவநெறியில் நின்ற இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அந்தப் பௌத்தத் தலத்தில் எஞ்சி நின்ற கோபுரம் 1867-இல் இடித்துத் தள்ளப்பட்டது. இன்று செப்பேடும் செப்புத் திருமேனிகளும் உண்டு, கட்டடம் இல்லை.

பாகூர், திருபுவனை, மதகடிப்பட்டுக் கோயில்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. என் கவலை அப்பாதுகாப்பு இல்லாத சிறு கோயில்களைப் பற்றியது. சுண்ணாம்பு கல்வெட்டை மறைக்கும். எனினும் பக்குவமாக நீக்கலாம். எனாமல் பெயிண்ட் கல்லின் நுண்துளைகளில் இறங்கிப் பற்றிக்கொள்ளும். அதை நீக்குகிறோம் என்று இயந்திரத்தால் மணலைப் பீய்ச்சி அடிப்பது அதைவிடக் கேடு. மணல் என்பது குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. கருங்கல்லில் உள்ள பெல்ட்ஸ்பாரின் கடினம் 6. மெல்லியதை வல்லியது அராவும் என்பது நாம் முதலாண்டில் படித்த பாடம். பெயிண்டோடு எழுத்தும் போய்விடும்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கும் முன் ஒருமுறை அடிச்சுவரைச் சுற்றி வாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பாருங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலால் துலங்கும். கைப்பேசியில் படம் எடுத்து, ஊர்ப் பெரியவர்களிடம் காட்டி, "இது எழுத்து" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை எங்களுக்கு அன்று சொல்ல ஆளில்லை. இரண்டாவது, நம் கல்லூரியில் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து கல்வெட்டுப் பயிற்சி வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும். பழைய எழுத்தில் புள்ளி இராது, இடையிடையே கிரந்தம் வரும். ஆயினும் அது நம் தமிழ்தான். பாகூர் சு. குப்புசாமி அவர்கள் தொகுத்த புதுச்சேரிக் கல்வெட்டுகள், விஜயவேணுகோபால் அவர்களின் பதிப்பாக 2006-இல் முதல் தொகுதியும் பின்னர் இரண்டாம் தொகுதியுமாக வெளிவந்துள்ளன. நூலைக் கையில் வைத்துக்கொண்டு கல்லோடு ஒப்பிட்டுப் படிக்கலாம்.

சென்ற பொங்கல் விடுமுறையில் அப்பாவைப் பாகூருக்கு அழைத்துச் சென்றேன். ஒரு வரியின் மேல் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். எனக்கு இரண்டு சொற்களுக்கு மேல் படிக்கத் தெரியவில்லை. பட்டம் வாங்குவதற்குள் அந்த ஒரு வரியையாவது அவருக்கு முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்