மட்டக்குதிரைக்குப் பள்ளிச் சம்பளம்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா என்று கேட்பது நம்மவர் வழக்கம். குதிரை விஷயத்திலும் அக்கேள்வி பொருந்தும். விலை கொடுத்து வாங்குவது ஒரு செலவு. வாங்கியதைப் பழக்குவது மற்றொரு செலவு. முன்னதைப் பலமுறை எண்ணிப் பார்க்கிறோம். பின்னதை எண்ணுவோர் சிலரே. இவ்வாரம் அந்தப் பின்னதைச் சற்று ஆராய்வோம்.

மாத்தளை மாவட்டத்தில் குதிரை இன்று அரிய பிராணி. ஆயினும் சிகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் வரும் உல்லாசப் பயணிகளை நம்பி வாழும் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். நுவரெலியாவில், கிரெகரி ஏரிக் கரையில், சிறுவர்களை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளைக் கண்டு, நாமும் ஒரு குட்டியை வாங்கிப் பிழைக்கலாமே என்று அக்குடும்பம் எண்ணுவது இயல்பு. கையில் இருப்பது சிறு முதல். அதிலும் பாதி கடன். குட்டியோ மனிதரை முதுகில் ஏற்றி அறியாதது. பழக்கத் தெரிந்தவர் அயலில் இல்லை. 1875ஆம் ஆண்டு முதல் பந்தயத் திடல் கண்ட நுவரெலியாவுக்கு அனுப்பினால் என்ன? அனுப்புவதாயின் என்ன செலவாகும்? இதுவே நம் முன் உள்ள கேள்வி.

வண்டி மாட்டை நாம் பள்ளிக்கு அனுப்புவதில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பழகிய கிழட்டு மாட்டோடு இளங்காளையைச் சேர்த்துப் பூட்டினால், கிழடே ஆசானாகிவிடும். ஆனால் சிறுவரை ஏற்றும் குதிரையின் நிலை வேறு. அது தன் இனத்தவரோடு இணைந்து நுகம் சுமப்பதன்று. தனியே நின்று மனிதரைச் சுமப்பது. மேலும், காட்டில் வேட்டையாடப்பட்டு வந்த இனம் அது. முதுகின்மேல் திடீரென ஒரு பாரம் ஏறினால், புலியே பாய்ந்ததென அஞ்சித் துள்ளும். அவ்வச்சத்தைப் படிப்படியாகப் போக்கத் தெரிந்தவரே குதிரை பழக்குபவர். தெரியாதவர் முயன்றால், முதலில் உடைவது குழந்தையின் கையோ காலோதான். ஆகவே அனுப்புவது வீண் செலவு என்று சொல்ல மாட்டோம். கணக்கை முழுவதும் போட்டுவிட்டு அனுப்புங்கள் என்றே சொல்லுவோம்.

கணக்கின் முதல் வரி பயிற்சிக் கட்டணம். அது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் காலம் அவ்வளவாக மாறாது. முப்பது நாளில் ஒரு குட்டி கற்பது அரிச்சுவடி மட்டுமே. தலைக்கயிற்றுக்கு அடங்கி நடத்தல், சேணத்தைப் பொறுத்தல், சொன்னதும் நிற்றல், திரும்புதல் ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். அயல் மனிதரின் குழந்தையை ஏற்றும் அளவுக்கு நம்பிக்கை பிறக்க மூன்று மாதமேனும் வேண்டும். ஒரு மாதக் கட்டணத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு புறப்படுபவர், பாதிப் படிப்போடு குட்டியைத் திரும்ப அழைத்து வருவார். பாதி படித்த குதிரை, படியாத குதிரையைக் காட்டிலும் ஆபத்தானது. படியாததைக் கண்டு நாம் அஞ்சி விலகுவோம். பாதி படித்ததை நம்பி ஏறிவிடுவோம்.

இரண்டாம் வரி தீனி. 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை ஒன்று, தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த தீனி உண்ணும். அதாவது நாளொன்றுக்கு 4 கிலோ. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்குக் குறையாது நீரே. எனவே அதே ஊட்டத்தைப் புல்லாகக் கொடுப்பதாயின் 16 முதல் 20 கிலோ வேண்டும். தொண்ணூறு நாளுக்கு 1,440 முதல் 1,800 கிலோ ஆகிறது. மாத்தளையில் வழியோரத்துக் கினியாப் புல்லை அறுத்துப் போட்டால் கூலியோடு போயிற்று. வெளியூர் லாயத்தில் ஒவ்வொரு கட்டுக்கும் விலை உண்டு. தீனியைச் சட்டென்று மாற்றினால் குதிரைக்கு வயிற்று வலி காணும். அது உயிரையே போக்கவும் கூடும். ஆகவே பழைய தீனியையும் கூடவே அனுப்பி, ஏழு முதல் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

மூன்றாம் வரி பயணம். மாத்தளையிலிருந்து கண்டி வழியாக நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். குட்டியை இறக்கிவிட்டு லொறி வெறுமையாகத் திரும்பும். அழைத்துவரும் நாளிலும் வெறுமையாகப் போகும். ஆக, வாடகை 400 கிலோமீற்றருக்கு. நான்காம் வரி உடல்நலம். இசிவு நோய்க்கான தடுப்பூசியை நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இருமுறை போட்டு முடித்த பின்னரே அனுப்ப வேண்டும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும்.

இவை யாவும் தாளில் எழுதக்கூடியவை. எழுதாமல் விடப்படும் வரி ஒன்று உண்டு. அதுவே எல்லாவற்றிலும் பெரிது.

குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 200 கிலோ மட்டக்குதிரைக்கு அது 40 கிலோ. சேணத்தின் எடை அதற்குள் அடங்கும். சேணம் ஏழு கிலோ என்றால் எஞ்சுவது 33 கிலோ. வளர்ந்த மனிதர் எவரும் இந்த எல்லைக்குள் வரமாட்டார். பழக்குபவர் தரையில் நின்று நீண்ட கயிறுகளைப் பிடித்துப் பாடத்தில் பெரும்பகுதியைக் கற்பிப்பார். ஆனால் முதுகின்மேல் இருந்து கற்பிக்க எடை குறைந்த ஒரு சிறுவனோ சிறுமியோ வேண்டும். அப்பிள்ளை யார்? பழக்குபவரின் பிள்ளையாயின், குதிரை கற்ற சைகைகள் அப்பிள்ளையோடு நுவரெலியாவிலேயே தங்கிவிடும். மாத்தளைக்கு வந்து சேர்வது, பாடம் அறிந்தும் கேட்பாரற்ற ஒரு பிராணி மட்டுமே.

குதிரை கற்கும் முறை இதற்குக் காரணம். கடிவாளத்தை மெல்ல இழுக்கிறோம், அது நிற்கிறது, நின்ற கணமே கயிற்றைத் தளர்த்துகிறோம். அந்தத் தளர்ச்சியே அதற்குக் கிடைக்கும் பரிசு. நின்ற பின்னும் இழுத்துக்கொண்டே இருக்கும் கை வாய்த்தால், நிற்பதில் பயனில்லை என்று சில நாட்களிலேயே கற்றுவிடும். மூன்று மாதப் பள்ளிச் சம்பளம் அன்றே கரைந்தது. ஆகவே கடைசி இரண்டு வாரமேனும் வீட்டவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் அங்கே தங்கிப் பாடம் கேட்க வேண்டும். அவர்களுடைய உணவும் இருப்பிடமும் இழந்த கூலியுமே நாம் சொன்ன எழுதாத வரி.

இதனை அலட்சியம் செய்ததால் நேர்ந்த நட்டத்துக்குத் தமிழர் சரித்திரத்திலேயே சான்று உண்டு. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன் திருப்பெருந்துறையில் கோயிலான கதையை அறியாதார் இல்லை. கதையை விடுத்துச் சரித்திரத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்குக் கடல் வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்தன. குதிரை ஒன்றுக்கு 220 பொற்காசு விலை என்றும், கடலில் இறந்ததற்கும் விலை உண்டு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். வந்த குதிரைகளை நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்க வைத்து, பயிற்சி ஏதும் தராமலே ஏறி ஓட்டினர் என்றும், வலிய குதிரைகளும் விரைவில் சோர்ந்து பயனற்றுப் போயின என்றும் அவர் குறை கூறுகிறார். ஆண்டு முடிவில் ஆயிரங்களில் நூறு கூட எஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை வைத்தியம் அறிந்தவரை வணிகர் வேண்டுமென்றே இங்கு வரவிடவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். அயலார் எழுத்தில் மிகை இருக்கலாம். எனினும் குதிரையை விற்றவன் அறிவையும் சேர்த்து விற்கவில்லை என்பது தெளிவு. அறிவு கைமாறியிருந்தால் மறு ஆண்டு வியாபாரம் குறைந்திருக்கும் அன்றோ?

இதற்கு நேர்மாறான அறிவுரை ஒன்று கிரேக்க நாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டது. குதிரையேற்றம் பற்றி நூல் செய்த செனபோன், குட்டியைப் பழக்குபவரிடம் விடுவது மகனை ஒரு தொழில் கற்க விடுவதைப் போன்றது என்கிறார். திரும்பி வரும்போது அது என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதை எழுத்திலேயே பொறித்துக்கொள்ளச் சொல்கிறார். அதற்கு முன்னரே மனிதரைக் கண்டு அஞ்சாமல், அவரை நாடி வரும்படி வீட்டிலேயே பழக்கிவிட வேண்டும் என்பதும் அவர் கருத்து. 2,300 ஆண்டுகளுக்குப் பின்னும் இதில் மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை. தொட்டால் ஒதுங்காமை, காலைத் தூக்கிக் கொடுத்தல், கயிற்றோடு நடத்தல் ஆகிய மூன்றையும் வீட்டில் கற்று வந்த குட்டிக்கு முதல் மாதக் கட்டணத்தில் பெரும்பகுதி மிச்சம்.

வீட்டில் அதைக் கற்பிக்க முடியுமா என்று மாத்தளைத் தமிழர் ஐயுற வேண்டியதில்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் இம்மலைச் சரிவுகளில் துரைமார் குதிரை மீதே சென்று வேலை பார்த்தனர். 1880இல் புகையிரதம் மாத்தளையை அடைந்த பின்னும், மோட்டார் வண்டி வரும்வரை, தோட்டத்துக்குள் குதிரையே ஊர்தி. அக்குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டியும் கொள்ளு வேகவைத்தும், துரை ஏறிச் செல்லப் பின்னே ஓடியும் வந்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த குதிரைக்காரர்களே. எந்தப் பள்ளியிலும் அவர்கள் படித்ததில்லை. குதிரையின் காது எப்பக்கம் மடிந்தால் என்ன பொருள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோட்டக் கணக்கேட்டில் அவ்வறிவுக்கென ஒரு வரியும் இல்லை; குதிரை போனதும் அதுவும் உடன் போயிற்று. இன்று அதனைப் பணம் கொடுத்து வெளியூரில் தேடுகிறோம்.

ஆகவே நாம் சொல்லும் ஒழுங்கு இது. குட்டிக்கு மூன்று வயது நிரம்பும் வரை முதுகில் பாரம் ஏற்ற வேண்டாம். அதன் முதுகெலும்பு முதிர ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். அதுவரை நாள்தோறும் கால் மணி நேரம் வீட்டுப் பாடம் நடக்கட்டும். பின்னர் மூன்று மாதச் செலவு முழுவதும் கையில் சேர்ந்த பிறகு, எழுத்து உடன்படிக்கையோடு அனுப்புங்கள். சேரவில்லையெனில் ஓராண்டு பொறுங்கள்; காத்திருப்பதால் குட்டிக்குக் கேடில்லை. கடன்பட்டு ஒரு மாதம் அனுப்புவதில் குட்டிக்கும் கேடு, ஏறும் குழந்தைக்கும் கேடு.

நளன் இருதுபன்னனுக்குப் பரி நூலைத் தந்து, அவனிடமிருந்து எண்ணும் கலையைப் பெற்றான் என்பது பழங்கதை. மட்டக்குதிரை வாங்கும் குடும்பத்துக்கு அவ்விரண்டில் ஒன்று மட்டும் போதாது.