நலமே நமது பலம்: ஒரு மணித்தியாலம் தேடி அலைய வேண்டாம்



"சீனி கூடியிருக்குது அம்மா. ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் நடக்க வேணும்" என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். சல்லியில் விடியற்காலை எழும்பினால் அடுப்படி, கிணற்றடி, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம், வெயிலில் காயும் கருவாடு என்று பொழுது போய்விடும். அந்த ஒரு மணித்தியாலத்தை எங்கே தேடுவது?

திருகோணமலை ரவுணில் வேலை செய்யும் என் மருமகள் ஜிம்முக்குப் போகிறவள். அவளிடம் இதைச் சொன்னேன். "மாமி, அங்கேயும் மணிக்கணக்காய் நிக்கிறவைக்குத்தான் பலன் கூட எண்டில்லை. கொஞ்ச நேரம் செய்தாலும் மூச்சு வாங்கச் செய்ய வேணும்" என்றாள். நான் நம்பவில்லை. பிறகு அவள் விளக்கமாகச் சொன்னாள்.

ஜப்பானில் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வொன்று 2007 இல் வெளிவந்தது. அதில் 246 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 186 பேர் பெண்கள். சராசரி வயது 63. ஒரு பகுதியினர் நாளுக்கு 8000 அடிகளுக்குமேல் ஒரே சீராக நடந்தார்கள். இன்னொரு பகுதியினர் மூன்று நிமிடம் வேகமாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் மாறி மாறி ஐந்து சுற்று நடந்தார்கள். வாரத்தில் நாலு நாட்கள், ஐந்து மாதங்கள். மாறி மாறி நடந்தவர்களுக்கே தொடையின் பலமும் மூச்சின் பலமும் கூடியிருந்தன, இரத்த அழுத்தமும் அதிகமாகக் குறைந்திருந்தது. கணக்குப் பாருங்கள். அவர்கள் வேகமாக நடந்தது வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் மட்டுமே!

கனடாவில் 2016 இல், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஆண்களை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. 10 நிமிடத்துக்குள் 20 விநாடிகள் முழு வேகம், அப்படி மூன்று தடவை சைக்கிள் மிதித்தவர்களும், 45 நிமிடம் ஒரே சீராக மிதித்தவர்களும் 12 வாரங்களில் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள்.

காரணம் கடினமானதல்ல. மெதுவாக நடக்கும்போது தசையின் ஒரு பகுதிதான் வேலை செய்கிறது. வேகம் கூடும்போது தூங்கிக்கிடந்த தசைநார்களும் எழும்புகின்றன. சேமித்து வைத்த சீனியை அவை எரித்துவிட்டு, பிறகு இரத்தத்தில் இருப்பதை இழுத்துக்கொள்கின்றன. இதயமும் பலமாக அடித்துப் பழகுகிறது. "நாள் முழுக்க வேலைதானே செய்யிறம்" என்று நாம் கேட்கலாம். வேலை களைப்பைத் தரும். ஆனால் பல வேலைகள் மூச்சு வாங்க வைப்பதில்லை.

முதல் நாள் பின்னேரம் கோயில் வீதியில் வேகமாக நடந்தேன். இரண்டாவது நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்படியே வேலியோரம் குந்திவிட்டேன். அந்த அடிப்பு எனக்குத் தெரிந்தது. 1990 இல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியபோதும், 2004 மார்கழி 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோதும் கேட்டது அதுதான். என் உடம்பு திரும்பவும் ஓடச் சொல்லியது.

நம்மில் எத்தனை பேர் இந்தப் படபடப்புக்குப் பயந்தே உடம்பை அசைக்காமல் இருக்கிறோம்! மறுநாள் மணிக்கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மட்டும் நடந்தேன். பிறகு மெதுவாக நடந்தேன். நெஞ்சு தானாக அடங்கியது. அன்றைக்கு எப்போது நிற்கலாம் என்று நமக்குத் தெரியாது. இன்றைக்கு நிற்பதும் நடப்பதும் என் கையில். இது விளங்கிய பிறகுதான் மூன்று நிமிடத்துக்கு வந்தேன்.

நீங்களும் செய்து பார்க்கலாம். முதலில் ஐந்து நிமிடம் மெதுவாக நடவுங்கள். பிறகு ஒரு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெது. பழகப் பழக வேகத்தை மூன்று நிமிடமாக்குங்கள். இரண்டு மூன்று சொல் பேசலாம், ஆனால் கதையளக்க முடியாது என்றால் வேகம் சரி. கடற்கரையில் என்றால் ஈர மணலில் நடவுங்கள். வெளியே போக முடியாதவர்கள் கதிரையில் இருந்து எழும்பி இருக்கலாம். கால் இழந்தவர்கள் இருந்தபடியே கைகளை வேகமாக வீசலாம். அரை மணித்தியாலம் சேர்ந்து கிடைக்காவிட்டால் பிரித்துச் செய்யுங்கள். அசைவு எவ்வளவானாலும் கணக்கில் சேரும் என்றே உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொல்லியிருக்கிறது.

ஆனால் இதய வருத்தம், கட்டுப்படாத பிறஷர், உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு போகக்கூடாது. ஒரு இனிப்பு கையில் இருக்கட்டும். நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். மருந்தை நீங்களாக விடவேண்டாம். நானும் விடவில்லை.

இப்போது கிணற்றடியில் இருந்து வரும்போது நான் குடத்தை இடையில் இறக்கி வைப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் பின்னேரத்தில் என்னோடு வருகிறா. இரண்டு பேராய் நடந்தால் பயமும் பாதியாகிறது. உங்கள் ஒழுங்கையில் உங்களோடு நடக்க யார் இருக்கிறார்கள்? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.